காற்றுக்குத் துணி எடுத்தது

பேண்டு மாஸ்டர் தவசிமுத்து சார் சொன்னது இரண்டு:
சிவப்புக் கட்டம் போட்டிருக்கணும்,
மீட்டர் நூற்றியெண்பதைத் தாண்டக் கூடாது.

இருபத்திநாலு பிள்ளைகள்.
சுதந்திர தின அணிவகுப்பு.
ஆளுக்கு நாலு மீட்டர்,
முன்னால் வெறும் பரப்பு,
பின்னால் இருபத்திரண்டு மடிப்பு.
“கில்ட்டுன்னா என்ன, பாவாடைதானம்மா” என்றார்.
பாவாடை சுருங்கினால் சுருக்கம், சார்.
இது சுருங்கினால் கணக்குத் தப்பும்.

சேலைக் கொசுவம் காலையில் பிறந்து
ராத்திரி கொடியில் செத்துப்போகிறது.
யாரும் அதற்கு அழுவதில்லை.
இந்த மடிப்பு
துவைத்து, பிழிந்து, பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து
அடுத்த வருஷம்
வேறொரு பிள்ளையின் இடுப்பிலும்
அதே இடத்தில் விழணும்.

டவுனில் வடக்கு ரத வீதி, நாலு கடை.
நான் துணியை விரிக்கச் சொல்லவில்லை.
மூலையைப் பிடித்து உள்ளங்கையில் கசக்கி
வாய்க்குள் இருபது எண்ணித் திறந்தேன்.
காட்டன் கசங்கினபடியே கிடந்தது,
தட்டியும் எழவில்லை.
ரேயான் அயிரைக் குஞ்சு மாதிரி வழுகிப் போச்சு.
பாலியஸ்டர்
மடிப்பைக் கத்தியாக வைத்திருக்கும்,
பிள்ளையையும் சேர்த்து அவிக்கும்.
கம்பளி உண்டா என்று கேட்டேன்.
பீர் முகமது அண்ணாச்சி மின்விசிறியைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
“திருநவேலில கம்பளி கேட்ட மொத ஆளு நீங்கதான்.”

அளவெடுக்கப் பள்ளிக்கூடம் போன அன்றைக்கு
பெரிய டிரம் அடிக்கிற முப்பிடாதி
டேப்புக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:
“யக்கா, காத்து தூக்குமா?”
எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.
“ரெண்டு கையும் டிரம்முல இருக்கும்லா.”

ஆடி முடியும் முன்னே வந்துவிடுகிறது ஆகஸ்ட் பதினைந்து.
மைதானத்தில் மேற்கே தடுக்க ஒரு சுவரில்லை.
சிவப்பைக் கேட்டவர் இதைக் கேட்கவில்லை,
விலையைக் கேட்டவரும் கேட்கவில்லை,
கேட்கப்போனால்
நானும்தான் யோசிக்கவில்லை.

மறுநாள் அண்ணாச்சியின் பரணில் ஏறினேன்.
டெரிவுல், பச்சையும் நீலமும் கட்டம்,
யாரோ ஆர்டர் கொடுத்து எடுக்காமல் போன தான்.
கையில் வாங்கினதும் தோள் இறங்கியது.
கசக்கினேன். இருபது.
பெருமூச்சு விட்டு நிமிர்ந்தது.

ஒன்று மட்டும் தைத்தேன்.
கட்டத்தின் மேல் கட்டம் ஏற
மூன்று தரம் பிரித்தேன்.
தண்ணீரில் கொஞ்சம் வினிகர் தெளித்து,
கரிப்பெட்டியை வைத்தேன், தேய்க்கவில்லை,
வைத்து எடுத்தேன்.
ராத்திரி மெத்தைக்கு அடியில் அது,
மேலே நானும் என் வீட்டுக்காரரும்.

விடியவும் நைட்டிக்கு மேல் கட்டிக்கொண்டு
மாடிக்குப் போய்
தென்காசிப் பக்கம் முதுகு காட்டி நின்றேன்.
கொடியில் கிடந்த துண்டெல்லாம் படுக்கையாய்ப் பறக்குது.
பக்கத்து மாடி பேங்குக்காரர்
பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்க மறந்துவிட்டார்.
காற்று மடிப்புக்குள் கையை விட்டது,
ஒவ்வொன்றாய் விரித்துப் பார்த்தது.
எடை விடவில்லை.
முழங்காலுக்கு மேல் ஓர் அங்குலம் ஏறவில்லை,
காற்று கையை எடுத்ததும்
சீட்டுக்கட்டு மாதிரி சேர்ந்துகொண்டது.
நான் ஒரு சுற்றுச் சுற்றினேன். யாருக்கென்ன.

“சிவப்பு கேட்டேன்லா” என்றார் சார்.
“இருநூத்தி முப்பதா?” என்றார்.
“நீங்க இதைக் கட்டிக்கிட்டு
ஒரு தடவை ஆத்துப் பாலத்துல நடந்துட்டு வாங்க சார்,
அப்புறம் பேசுவோம்.”
நடக்கவில்லை.
பாதிப் பணம் அப்போது, மீதி செப்டம்பரில்.

அன்றைக்கு எல்லாரும் கொடியைப் பார்க்கையில்
நான் பிள்ளைகளின் முதுகுப் பக்கம் நின்றேன்.
ஐந்நூற்று இருபத்தெட்டு மடிப்பு.
காற்று வந்தது. போலீஸ்காரர் ஒருவரின் தொப்பி
உருண்டு ஓடியது.
கடைசி வரிசை ஓரத்துப் பிள்ளை,
துணி பற்றாமல் நான் ஆழம் குறைத்துப் பிடித்தது,
அவளுக்கு மட்டும் ஒரு மடிப்பு விரல்கடை திறந்துகொண்டது.
வீடு வரை அதுதான் கண்ணில் நின்றது.

முப்பிடாதி குனிந்தே பார்க்கவில்லை.
இரண்டு கையாலும் அடித்தாள்.

தவசிமுத்து சார் வந்து சொன்னார்,
“கலரு பரவால்ல.”