ரெண்டு பாக்கி

மூன்றே முக்காலுக்கு வந்தவள் வயிற்று வலி என்றாள்.
ராத்திரி தின்ற கொள்ளுக் குழம்பு என்றான் மகன்.
வழியில் ஒரு கிளினிக் ஊசி போட்டு அனுப்பியிருந்தது,
சீட்டில் கேஸ் டிரபிள் என்று கிறுக்கி.

அமுக்கினேன். பிசைந்த மாவாய் அமுங்கியது வயிறு.
நாடி சரி. பிரஷர் சரி. சர்க்கரை சரி.
எல்லாம் சரியாக இருந்ததுதான்
எனக்குச் சரிப்படவில்லை.

பிறகு இமை.
தூக்கத்தில் இறங்கிய இமை கூப்பிட்டால் ஏறும்.
இது ஏறவில்லை.
நெற்றியைச் சுருக்கிச் சுருக்கி
நெற்றியால் கண்ணைத் திறக்கப் பார்த்தாள்.

"எங்கம்மா படுத்தீங்க?"
"தரையிலதான் சார். காத்தே இல்ல."
மாலை மழை, ராத்திரி புழுக்கம்: ஆகஸ்டு மாதக் குடியாத்தம்.
"எதுனா கடிச்சுதா?"
"கொசுதான். வேற இன்னா?"

விரலிடுக்கில், காதுக்குப் பின்னால், முடியைப் பிரித்து
டார்ச் அடித்துத் தேடினேன்.
கட்டுவிரியன்
கையெழுத்துப் போடாமல் போகிறவன்.

பேர் அஞ்சலாட்சி. பீடி சுற்றுகிறவள்.
"கட்டு எண்ணுற மாதிரி எண்ணும்மா.
ஒரே மூச்சுல. இருபத்தஞ்சு."
பத்தொன்பதில் நின்றாள்.
மருந்துக்கு ஓடியவர் திரும்புவதற்குள் பதினொன்று.
விஷமுறிவு பத்து குப்பி. குலுக்கினால் நுரைத்துவிடும்;
சிஸ்டர் ரோஸ்லின் ஒவ்வொன்றாய்
உள்ளங்கைகளுக்கிடையில் உருட்டினாள்.
ஆறு.
வாயோரம் எச்சில் வழிய,
மூன்று.
குழாயை இறக்கினேன்.

அன்றைக்கு வென்டிலேட்டர் வேலூரில்தான்.
எங்களிடம் ஒரு பை இருந்தது,
அதை அமுக்க என் வலது கை.
ஐந்து நொடிக்கு ஒரு மூச்சு,
ஐந்து நொடிக்கு ஒரு மூச்சு,
கே.வி.குப்பம் தாண்டி இமையைத் தூக்கிப் பார்த்தேன்.
பாப்பா இரண்டும் விரிந்து கிடந்தன.
வெளிச்சம் உள்ளே போனது, யாரும் வந்து திறக்கவில்லை.
கிள்ளினேன். அசைவில்லை.

லத்தேரியில் கேட் போட்டுவிட்டார்கள்.
சரக்கு வண்டி, முடிவேயில்லாமல்.
"உசிரு கீதா சார்?" என்றான் ஆம்புலன்ஸ் பையன்.
"போயிடுச்சுன்னு நெனைக்கிறேன்."
சொன்னேன்.
சத்தமாக. அவள் காதுக்கு ஒரு சாண் மேலே.

ஒன்பதாம் நாள் வேலூர் வார்டில் பார்த்தேன்.
தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.
தொண்டை இன்னும் கரகரத்தது.
"லத்தேரியில கேட்டு போட்டான் இல்ல சார்?"
நான் டம்ளரைப் பார்த்தேன்.
"கண்ணுதான் தொறக்க வரல. காதுக்கு இன்னா?
நீ கிள்ளினது வேற, அப்பா, அந்த வலி!"

ரெண்டு மடக்கு குடித்தாள்.
"நீ சொன்னதும் சரி, நம்ம கதை ஆச்சுன்னுதான் கெடந்தேன்.
ஆனா பை நிக்கவே இல்ல.
வாயி ஒண்ணு சொல்லுது,
கை அது பாட்டுக்கு வேலை பாக்குதேன்னு…"

சிரிக்கப் போய் இருமினாள்.
நான் கேட்காமலே மூச்சை இழுத்து எண்ண ஆரம்பித்தாள்,
ஏதோ எனக்கு ஆறுதல் சொல்கிறவள்போல.
இருபத்து மூன்றில் இருமல் வந்துவிட்டது.

"ரெண்டு பாக்கி" என்றாள்.
"எங்க ஏஜெண்டா இருந்தா
கட்டையே தள்ளியிருப்பான்."