பன்னிரண்டு வோல்ட்

ஸ்பிரிங்ஃபீல்டு கடையில்
விளக்குகளுக்கென்றே ஒரு சுவர்.
சென்ஸோ ஒவ்வொன்றாய்க் கழற்றித் தருகிறான்:
தலையில் கட்டுவது, கொக்கியில் தொங்குவது,
கார் பாட்டரியைக் கவ்விக்கொண்டு எரிவது.
இது ஆயிரம் லூமென், அங்கிள்,
ஆற்றின் அக்கரை தெரியும்.
அக்கரையில் எங்களுக்கு யாரும் இல்லை என்றேன்.

டர்பன் துறைமுகத்தில் சரக்கு எண்ணுகிறவன் நான்.
எண்ணிப் பார்க்காமல் எதையும் வாங்கியதில்லை.
இஞ்சிசூத்தியில், மலையடியில், மூன்று இரவு.
கூடாரம் போடும் இடத்தில் பிளக் கிடையாது.
கையில் இருப்பது
மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய பாட்டரி,
ஏழு ஆம்பியர்-மணி, செங்கல் கனம்.
பாதிக்குமேல் இறக்கினால் அதற்கு ஆயுசு போகும்.
மூன்று வாட் விளக்கு கால் ஆம்பியர் குடிக்கும்.
ஆக, பதினான்கு மணி நேரம்.
ரசீதின் முதுகில் எழுதிக் காட்டினேன்.
ஒரு வெளிச்சத்துக்கு இவ்வளவு கணக்கா என்றான்.

அப்போதுதான் சொன்னேன்,
என் மகளுக்குக் காது கேட்காது.
எங்கள் வீட்டில் கரண்ட் போனால்
பேச்சும் போய்விடும்.

சாட்ஸ்வர்த்தில் தெருவே இருண்டிருந்த இரவுகளில்
பக்கத்து வீட்டுக்காரர்கள் இருட்டில் உட்கார்ந்து
சம்பந்தியைத் திட்டினார்கள், சிரித்தார்கள்,
ஜன்னல் வழியே ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டார்கள்.
நாங்கள் நால்வரும்
நடுவில் ஒரு மெழுகுவர்த்தியை வைத்து
வாக்கியத்தின் பாதியில் நின்றிருந்தோம்.
லெவாஷ்னிக்கு ஆறு வயது.
சொல்ல வந்ததை முடிக்காமலே தூங்கிப்போனாள்.
காலையில் கேட்டேன். மறந்துவிட்டது என்றாள்.
அது என்னவென்று
இன்னும் எனக்குத் தெரியாது.

சென்ஸோ எங்களைப் பின்னறைக்குக் கூட்டிப்போய்
அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே கதவைச் சாத்தினான்.
லெவாஷ்னி ஒவ்வொரு விளக்கிலும் பேசிப் பார்த்தாள்.
தலைவிளக்கு என் கண்ணில் குத்தியது,
அவள் கைகள் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் துளை.
சிவப்பு விளக்கில்
விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.
பளீர் வெள்ளைக்கு வனத்துப் பூச்சியெல்லாம்
விருந்துக்கு வரும் என்றாள் சுமேஷ்னி.
உச்சியில் தொங்கவிட்டதில்
கைகள் நன்றாகத் தெரிந்தன,
கண்குழியில்தான் இருட்டு.
எங்கள் மொழியில் கேள்விக்குறி
புருவத்தில் இருக்கிறது.
நீ கேட்டாயா, சொன்னாயா என்று
இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

கடைசியில் ஒரு மஞ்சள் பட்டை,
சாண் நீளம்.
மார்பு உயரத்தில், பக்கவாட்டில் பிடித்தபோது
முகமும் கையும் சேர்ந்து வந்தன.
பன்னிரண்டாவது ஆட்சிமொழிக்குப்
பன்னிரண்டு வோல்ட் போதும் என்றாள்.
நான் சென்ஸோவுக்கு எடுத்துச் சொன்னேன்.
கொஞ்சம் தாமதமாகத்தான் சிரித்தான்,
ஆனால் பில் போடும்வரை சிரித்தான்.
ஒயரை நீளமாய் இழுக்காதீர்கள், அங்கிள்,
வோல்ட் வழியிலேயே களைத்துவிடும்.

இரண்டாம் இரவு.
குழாயடியில் பாத்திரம் கழுவிவிட்டு வருகிறேன்.
சுமேஷ்னி போர்வைக்குள்.
கூடாரத் துணி முழுக்கக் கைகள்.
பெரிய, தடுமாறும் கைகள் தெயோலனுடையவை,
எப்போதும் ஒரு சொல் பின்தங்குவான்.
அவளுடையவை நிற்கவே இல்லை.
பக்கவாட்டில் வைத்த விளக்கு
இப்படியும் ஒரு வேலை செய்யும் என்பது
என் கணக்கில் வரவில்லை.

ஒட்டுக்கேட்டேன் என்று சொல்ல முடியாது.
பாதி விரல்கள் துணியின் மடிப்பில் போய்விட்டன.
அப்பா.
பிரியாணி.
உப்பு.
மறுபடி அப்பா.
அதன்பின் ஒரு நீளமான சொல்,
காற்றில் துணி அசைந்து பிடிபடவில்லை.
தெயோலன் குலுங்கிச் சிரித்தான்.

வாசலில் பாட்டரி, மீட்டரில்
பன்னிரண்டு புள்ளி ஒன்று.
பத்தரைக்கு அணைப்பதாக ஏற்பாடு.
மணி பத்து நாற்பது.
வாணலியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன்,
யாருக்காக என்று யோசிக்காமல்.
நாளைய இரவில்
இருபது நிமிடத்தைக் கழித்துக்கொண்டு
ஈரப் புல்லில் உட்கார்ந்தேன்.