பதினைந்து சொற்கள்

வியாழன் இரவு ஏழரை.
உள்துறைமுக வீதி, படகு எஞ்சின் திருத்தும் கடைக்கு மேல்மாடி.
டீசல் மணம் எங்களுக்கு முன்னமே படியேறி
உட்கார்ந்திருக்கும்.
மூன்று மேசை. ஆள் சேர்ந்தால் நாலு.
விசிறிக்குத் தாள் பறக்காமலிருக்க
மேசைக்கு நாலு கல், உப்புவெளியில் பொறுக்கியது.

இங்கே வாய் திறக்க அனுமதி பதினைந்து சொல்லுக்கு:
ஒன்று முதல் ஏழு வரை எண்கள்,
கிளாவர், டயமண்ட், ஆட்டின், இஸ்பேட், துரும்பில்லை,
பிறகு டபுள், றீடபுள், பாஸ்.
தமிழ், சிங்களம், டெல்மா செல்லரின் தேய்ந்த போர்த்துக்கேயம்
எல்லாம் படிக்குக் கீழே, செருப்போடு.

புத்தகத்தில் அதற்கு ஏலம் என்று பெயர்.
நாங்கள் முந்நூற்றிநாலு ஆடி வந்த ஆட்கள்,
எங்களுக்கு அது கேள்வி.
கேட்பது என்றால் வேண்டும் என்று கேட்பது.
காது கொடுத்துக் கேட்பதும் அதே சொல்தான்;
இந்த இரண்டாவதைப் பழக எனக்கு ஆறு வருடம் போனது.
(ஜாக் இங்கே வெறும் நாலாம் ஆள் என்று நம்புவதற்கே
அதில் ஒரு வருடம்.)

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான்.
பதின்மூன்று புள்ளி இருந்தால் திற.
பன்னிரண்டும் நீளமான ஓர் இனமும் இருந்தாலும் திற.
பதினொன்றும் ஆசையும் என்றால் தேத்தண்ணி குடி.
ஒரே நல்ல கையை இரண்டு தரம் சொல்லாதே.
குரலில் ஏற்ற இறக்கம் கூடாது, பாஸுக்கும்கூட.
தோற்ற ஆட்டத்தைப் படியிறங்கும்வரை பேசலாம்,
கேற்றடியில் நிறுத்திவிடு.

போன மாதம் ஒரு கை.
விஜேதுங்க ஒரு இஸ்பேட் கேட்டார்.
அடுத்தது என் ஜோடி, கிண்ணியாவில் வலைக்கடை வைத்திருக்கும் மஹ்சூம்.
பேசவில்லை.
தாளை விரித்தார், மூடினார், விரித்தார்.
துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஒருதரம் ஊதி ஓய்ந்தது.
பிறகு, பாஸ்.
டெல்மா, இரண்டு இஸ்பேட்.

என்னிடம் ஆட்டின் ஐந்து, ஆஸும் ராணியும் தலையில்.
மொத்தம் பத்துப் புள்ளி.
அவ்வளவு நேரம் யோசித்தவர் கையில் ஏதும் இல்லாமலா?
மூன்று ஆட்டின்
நாக்கு நுனியில் வந்து நின்றது.
ஆனால் ஜோடி சொன்னதுதான் எனக்கு,
ஜோடி தயங்கியது எனக்கில்லை.
அதுதான் சட்டம், அதைப் பார்க்க மேசையில் பொலிஸ் கிடையாது.
அந்த மௌனத்தைக் கழித்துவிட்டுக் கணக்குப் பார்த்தேன்.
மிஞ்சியது பாஸ்.

எட்டுப் பிடி அவர்களுக்கு. டெல்மா எழுதினாள், நூற்றுப்பத்து.
தாள்களை விரித்துப் போட்டபோதுதான் கண்டேன்:
மஹ்சூமிடம் ஒரு ராசா, இரண்டு ஜாக்.
யோசிக்க ஒன்றுமேயில்லாத கை.

படியிறங்கும்போது கேட்டேன்.
"அப்பிடி என்ன யோசிச்சனீங்கள்?"
"கடைசி பஸ் போயிட்டோ எண்டுதான்."

ஆறு வருடமாக அவர் வருவது மோட்டார் சைக்கிளில்.

கேற்றடி வந்துவிட்டது.
வீதியோரம் ஒரு மான் கச்சான் சுற்றிய பேப்பரை மென்றுகொண்டு நின்றது.
பதினைந்துக்கு வெளியே எவ்வளவோ சொல் இருந்தது எனக்கு,
ஒன்றையும் எடுக்கவில்லை.
அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு
வார் பூட்ட வெகுநேரம் எடுத்தார்.
சட்டைப் பைக்குள் போன் வெளிச்சம் வந்து வந்து அணைந்தது.
அந்தத் தயக்கமும் எனக்கில்லையா?
சட்டப் புத்தகம் மேசையோடு முடிந்துவிடுகிறது.

"அடுத்த வியாழன்?" என்றேன்.

"இன்ஷா அல்லாஹ்" என்றார்,
ஏற்ற இறக்கமில்லாமல்,
நான் பழக்கிய அதே குரலில்.