ஏழாவது சுற்று

பள்ளிக்கரணைச் சதுப்பில், கோரைக்கு நடுவே,
இரும்புக் கம்பத்தில் கட்டிய பதினேழாம் நம்பர் கருவி
கால் மணிக்கொரு தரம் தண்ணீர் மட்டம் சொல்கிறது.
சொன்னது ரேடியல் ரோட்டு லாரிகளைத் தாண்டி,
செல்போன் கோபுரங்களின் இரைச்சலைத் தாண்டி
வேளச்சேரிப் பள்ளிக்கூட மொட்டைமாடியில்
என் பெட்டிக்குள் விழும்போது
எதுவும் பூஜ்யமாகவோ ஒன்றாகவோ இல்லை.
ஒன்றாக இருக்கலாம், முக்கால்வாசி.
பூஜ்யம்தான் போல, ஆனால் சத்தியம் பண்ணமாட்டேன்.
இப்படியே ஆயிரத்து இருநூறு சந்தேகங்கள்.

அப்புறம் விசாரணை.
மடிப்பாக்கத்தில் எங்கள் பிளாட்டில்
மெட்ரோ லாரி வருகிறதா என்று
மூன்றாம் மாடி முதல் மாடியைக் கேட்கும்,
முதல் மாடி வாட்ச்மேனைக் கேட்கும்,
வாட்ச்மேன் எதிர்வீட்டு ஜன்னலைக் கேட்பார்;
இரண்டு சுற்று போவதற்குள் எல்லோரிடமும் ஒரே பதில்,
குடங்கள் வரிசையில்.
அதேதான். ஒவ்வொரு பிட்டும் பக்கத்து பிட்டைக் கேட்டுத்
தன் எண்ணத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளும்.
எட்டுச் சுற்று என்று எழுதிவைத்திருந்தார்கள்
எனக்கு முன்னால் இந்த நிரலைத் தொட்டவர்கள்.
தெளிந்த பிறகும் எட்டு.
செத்த பிறகும் எட்டு.

பேட்டரியோ என் உள்ளங்கை அளவு.

முதல் வேலை சுலபம்.
சுற்றுக்கொரு தரம் கணக்கைக் கூட்டிப் பார்,
சரியாக வந்தால் நிறுத்து.
பானையில் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தவள்
அடுப்பை ஏன் எரியவிட வேண்டும்?
தரமணி டீக்கடை சந்தானத்துக்கு அதுகூட வேண்டாம்:
நான் ரோட்டைக் கடக்கும்போதே
சர்க்கரை கம்மியாக ஒன்று ஆறிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது வேலை
எதைக் கைவிடுவது என்பது.
மூன்று சுற்றில் பிழை குறையவில்லையென்றால்
அது சேதியே இல்லை, வெறும் இரைச்சல், விட்டுவிடு
என்று ஒரு வரி எழுதினேன். ஒரே வரி.
நாற்பது சதவீதம் மிச்சம்.
மேனேஜர் ஃபஸ்லுதீன் அதை ஸ்லைடில் பச்சையில் போட்டார்.
கேக் வெட்டினோம், முட்டையில்லாதது.

நவம்பர் கடைசியில் புயல் சின்னம்.
விடாமல் பெய்த இரண்டாம் இரவு
மற்ற கருவிகளெல்லாம் ஏறுகிறது, ஏறுகிறது என்றன.
பதினேழுக்கு நேராக வெற்றுக் கட்டம்.

கைவிட்டதையும் ஒரு வாரம் வைத்திருக்கும் பெட்டி.
முழங்கால் தண்ணீரில் பள்ளிக்கூடம் போய்
கார்டை உருவி வந்து
என் வரியை நீக்கிவிட்டு ஓட்டினேன்.
நான்கு, ஒன்றுமில்லை. ஐந்து, ஒன்றுமில்லை.
ஆறில் பிழை கூடவே செய்தது.
ஏழில் சடசடவென்று,
தகரக் கூரையில் மழை விட்டதுபோல்
எல்லாம் அடங்கிக் கணக்கு நேரானது.
தண்ணீர் மட்டம் இல்லை அது.
பேட்டரி குறைவு, மாற்றவும்.

மூன்று தரம் சொல்லியிருக்கிறது.
மூன்றையும் மூன்றாம் சுற்றில் மூடியிருக்கிறேன்,
பேட்டரியை மிச்சம் பிடிக்க.

சிரித்தேன்தான். தனியாக இருந்தேன், சிரிக்கலாம்.

வரியை அழிக்கவில்லை.
அழித்தால் பெட்டி பொங்கலைத் தாண்டாது.
கீழே இன்னொன்று சேர்த்தேன்:
ஒரே கருவி அடுத்தடுத்து இரண்டு தரம்
புரியாமல் பேசினால்
மூன்றாம் தரம் எட்டையும் கொடு.
இதற்குச் செலவாவது எவ்வளவு என்று
ஃபஸ்லுதீன் கேட்பார். கேட்கட்டும்,
கணக்கு வைத்திருக்கிறேன்: ஒன்றரை சதவீதம்.

புது பேட்டரியோடு சதுப்புக்குள் போயிருந்த தேவசகாயம்
சாயங்காலம் போன் போட்டார்.
காற்று, தண்ணீர், நடுவில் எங்கேயோ அவர் குரல்.
மேடம், கம்பம்... சாய்ஞ்சு... பாம்பு...
வழக்கமாக நான் வெட்டிவிட்டு
மெசேஜ் போடுங்க என்பேன்.
கேக்குதா மேடம்?
பாதி கேக்குது, நான் இருக்கேன்,
மறுபடி சொல்லுங்க.