செம்மறி மட்டும்

கம்பிக் கதவில் பலகை தொங்குகிறது:
செம்மறி மட்டும்.
கீழே செம்மறியின் படமும் போட்டிருக்கிறார்கள்,
படிக்கத் தெரியாத செம்மறிகளுக்காக இருக்கும்.

போன வருஷம் பிசானம் அறுத்த கையோடு
சங்கிலியும் கல்லுமாக வந்து
தரவையை அளந்தார்கள்.
தாலுகா ஆபீஸ் கணக்கில் அது மேய்க்கால் புறம்போக்கு.
எங்கள் கணக்கில்
உடைமரத்து மேடு,
கிழிகாதி ரெட்டைக்குட்டி போட்ட பள்ளம்,
மழைக்கு மறுநாள்
கொழுக்கட்டைப் புல் தலை நீட்டுகிற கிழக்குச் சரிவு.
எருமை குளத்தோரம், செம்மறி நடுவில்,
வெள்ளாட்டுக்காரிகள் நாங்கள் உடையோரம்.
பிந்தி வந்தவள் சுற்றிக்கொண்டு போகவேண்டும்.
எழுதி வைக்காத சட்டம் அது ஒன்றுதான்.

இப்போது அங்கே
கண்ணாடிப் பலகைகள் வரிசை வரிசையாய்த்
தெற்கே பார்த்துச் சாய்ந்து
வெயிலை மேய்கின்றன.

ஐப்பசியில் மழை விழுந்தது.
புல்லுக்கு வேலி தெரியுமா,
பலகைக்கடியில் குளிர்ச்சி வேறு,
இடுப்புயரம் வந்துவிட்டது.
மிஷின் வைத்து அறுத்தார்கள்.
கல் தெறித்து நாலு கண்ணாடி போச்சு.
அப்புறம்தான் இஞ்சினியர்
தளவாய்க் கோனார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார்.
உங்க செம்மறியெல்லாம் சும்மா மேயட்டும், காசு வேண்டாம்.
வெள்ளாடு கூடாது, பலகை மேலே ஏறிரும்.

உண்மைதான், ஏறும்.
எனக்கே ஒருநாள் ஏறிப் பார்க்க ஆசைதான்.

என் பதினாலும் நாற்கரச் சாலை ஓரம்
லாரிப் புழுதி தின்றன.

திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தான்
வாட்ச்மேன் பலவேசம்.
அறுபத்திரண்டு செம்மறியும்
ஒன்றின் வயிற்றுக்கடியில் ஒன்று தலையைச் செருகி
அப்படியே நின்றன.
விசில் அடித்தான், தட்டினான்,
சவத்து மூதிகளா என்று வைதான்.
முன்னே ஒரு வெள்ளாடு நடக்காமல்
செம்மறி கயிலாயத்துக்கும் போகாது.
தளவாயின் முன்னாட்டைச்
சித்திரைக் கொடைக்கு வெட்டியாகிவிட்டது.

"ஏ ஆவுடைச்சி, ஒன் கிழிகாதிய ஒரு எட்டு விடேன்."

கதவே தனக்காகத்தான் என்பதுபோல்
வாலைத் தூக்கிக்கொண்டு போனாள் கிழிகாதி.
பின்னாலேயே அறுபத்திரண்டும்.
பலவேசம் நோட்டை எடுத்து
நாக்கில் விரலைத் தொட்டுத் தாளைப் புரட்டி எழுதினான்:
செம்மறி, 63.

குட்டியை விட்டுட்டுத் தாய் நிக்காதே அண்ணாச்சி என்றேன் மறுநாள்.
65.
குட்டிக்குக் கூட்டாளி வேணும்லா.
68.
வெள்ளிக்கிழமை நோட்டில்
செம்மறி எழுபத்தாறு.
தளவாய் ஒன்றும் கேட்கவில்லை.
என் பக்கம் திரும்பி
வெற்றிலையை மட்டும் துப்பினார்.

கார்த்திகை பிறந்து ஜீப் வந்தது.
மூன்றாம் வரிசைப் பலகையின் உச்சியில்
நாலு காலையும் கூட்டி வைத்து நின்று
உடைநெற்று மென்றுகொண்டிருந்தாள் கிழிகாதி.
அது என்னது, என்றார் இஞ்சினியர்.
பலவேசம் நோட்டைப் பிரித்தான்,
மேலே பார்த்தான்,
மறுபடி நோட்டைப் பார்த்தான்.
"செம்மறி, சார்."

அன்று சாயங்காலம்
குருவம்மா வந்து கதவருகே நின்றாள்.
குளத்தோரம் முழுக்க வேலிக்குள் போய்விட்டது,
வைக்கோல் கட்டு என்ன விலை.
இரண்டு எருமையும் அவள் தோளுக்குப் பின்னால்
மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.
"ஏன் தம்பி, இதையும் செம்மறின்னு எழுதிர முடியாதா?"

பலவேசம் சிரிக்கவில்லை.
எருமையைப் பார்த்தான்.
கதவில் தொங்கும் பலகையைப் பார்த்தான்.
வெகுநேரம் யோசித்தான்.
"நோட்டுல எழுதிருவேன்க்கா.
படத்தை என்ன செய்ய?"

செவ்வாய் விடிவதற்கு முன்னே
மேலப்பாளையம் சந்தைக்கு ஓட்டிப் போனாள்.
தரவை வழியாகப் போனால் ரோடு கிட்டத்தான்.
கம்பி வேலியை ஒட்டி,
பிந்தி வந்தவளைப் போல
சுற்றிக்கொண்டு போனாள்.