சாய்ந்த பத்து இருபது

கப்பல் அலுவலகத்தில் இருப்பது ஒரே மை, கறுப்பு.
சிவப்புக்குக் காசில்லை என்று சொல்லிவிட்டு
பெய்னிர் ஜன்னலைச் சாத்தினான்.
தோர்ஷாவ்னில் ஜன்னல் சாத்தினால்
பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அட்டவணையில் இரண்டு வகை நேரங்கள்.
கப்பல் கட்டாயம் கிளம்பும் நேரம்.
கடல் சம்மதித்தால் கிளம்பும் நேரம்.
இரண்டும் ஒரே கறுப்பில்,
பார்த்ததும் பிரிந்து தெரிய வேண்டும்.

முதலில் மெல்லிய சாய்வெழுத்து.
அழகுதான்,
விருந்துக்குப் போகிறவள் போல நுனிக்காலில் நின்றது.
துறைமுகக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டிவிட்டு
மூன்று நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன்.
உப்பேறிய கண்ணாடிக்குப் பின்னால்
1 ஒரு கீறல்.
6 எது, 8 எது, அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம்.

அப்புறம்தான் பட்டைக்கால் எழுத்து.
ஒவ்வொரு கோட்டின் அடியிலும்
செங்கல் கனத்தில் ஒரு பாதம்.
நிமிர்ந்து நின்றால் கிடங்குக் காவலாளி,
மீன்பெட்டியில் முத்திரை குத்தப் பிறந்தது.
அதைப் பதினோரு பாகை சாய்த்தேன்.
பாதம் தரையை விடவில்லை,
உடம்பு மட்டும் முன்னால் போனது.

a தன் மாடியைத் தானே இடித்துக்கொண்டது.
f-க்கு வால் முளைத்தது.
ð மட்டும் படுத்தியது.
எழுதுவோம், உச்சரிக்க மாட்டோம், அப்படி ஓர் எழுத்து எங்களுக்கு.
பிறவியிலேயே முதுகு வளைந்தது.
அதைச் சாய்க்க ஒரு வாரம் பிடித்தது.

எங்கேயோ பார்த்த நிலை இது என்று
உறுத்திக்கொண்டே இருந்தது.
காலையில் தபால்காரி ரன்வா மேடேறி வந்தாள்,
எதிர்காற்றில், ரப்பர் பூட்ஸை ஊன்றி,
பை ஒரு பக்கம், தலை ஒரு பக்கம்.
நான் கையெழுத்துப் போட்டு முடிக்கும் வரை
அவள் நிமிரவே இல்லை.
விழவும் இல்லை.

அட்டவணை வந்து ஆறு மாதத்தில்
சாய்வு ஊர்ப் பேச்சில் ஏறிவிட்டது.
பல் வைத்தியரிடம், "வியாழன் வருகிறேன், சாய்வாக."
கடனைத் தருகிறேன் என்றவனிடம்,
"நேராகவா, சாய்வாகவா?"
பாதங்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

போன வாரம் பெய்னிர் ஓர் அட்டையை
என் மேஜையில் வைத்தான்.
மேற்குத் தீவிலிருந்து மார்யுன் எழுதியது.
'சனி, 10.20' என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை.
எண்கள் சாய்ந்திருந்தன,
ஒவ்வொன்றின் அடியிலும்
பேனாவை இரண்டு முறை அழுத்தி இழுத்த குட்டைக் கோடு.
"நீதானே இதில் கெட்டிக்காரி, சொல்" என்றான்.
வருவாள், கடல் விட்டால், என்றேன்.
"அவள் இடக்கைக்காரி. எதை எழுதினாலும் சாயும்."
அப்படியென்றால் இந்தக் கால்கள்?
அட்டையைத் திரும்ப வாங்கிப் பார்த்தான்,
பார்த்துக்கொண்டே இருந்தான்.

சனிக்கிழமை, காற்று எட்டு என்றது வானொலி.
பதினொன்றரைக்கு நான் ரொட்டி வாங்கப் போனபோது
படகுத் துறையில் அவன் ஒருவன்தான்,
பூட்ஸை ஊன்றி,
மேற்கே சாய்ந்து.