அட்டையில் ஆறு வரி

பெயர், வயது, எடை,
தடுப்பூசி, கருத்தடை.
ஐந்து வரி நிரப்பியாயிற்று.
ஆறாவது: சுபாவம்.
"சாது" என்று எழுதிவிட்டு
பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

வால்திவியாவில் பதினேழாம் நாளாக மழை.
தகரக் கூரையின் கீழ் நாற்பத்திரண்டு நாய்கள்.
நாற்பத்தொன்று குரைக்கின்றன.

சாது மிரண்டால் என்று
யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.
இவள் மிரண்டிருக்கிறாள்,
ஆற்றுத் திருவிழாவின் வாணவேடிக்கை இரவில்.
காடெல்லாம் தேவைப்படவில்லை.
இஸ்மேனியாவின் மேசைக்கு அடியிலேயே
கொண்டது.

லென்தேகா.
பருப்பின் பெயர். வந்த அன்று அந்த நிறம்.
இரண்டு முறை குளிப்பாட்டியதும் வெளுத்துவிட்டாள்,
பெயர் வெளுக்கவில்லை.

மீன் சந்தையில் கடல்சிங்கங்களுக்கு
எறியும் தலைகளில்
எல்லாம் தின்று முடித்தபின் மிஞ்சியதை
எடுத்துக்கொள்வாளாம்.
பிடித்துக் கொடுத்த மீன்காரி சொன்னாள்:
"திருடக்கூடத் தெரியாது இதுக்கு."
ஊசி போட வந்த மாணவனின் கை நடுங்கியபோது
காலை இவளே நீட்டினாள்.
இதையெல்லாம் எந்த வரியில் எழுத?

சனிக்கிழமை வருகிறவர்கள்
கம்பியில் மூக்கை நுழைக்கும் நாயைத்தான் பார்க்கிறார்கள்.
பிரியம் என்றால் சத்தம் என்று
யாரோ அவர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள்.
இவள் எழுந்து நிற்பாள்,
ஓரடி பின்வாங்கி வழிவிடுவாள்.
பின்னால் சுவர்தான்.
யாருக்கு வழி, எங்கே போக, தெரியவில்லை.
"உடம்பு சரியில்லையோ" என்று கேட்டபடி
அடுத்த கூண்டுக்கு நகர்ந்துவிடுவார்கள்.
பதினான்கு மாதம்.

ஒரே ஒரு முறை ஒரு குடும்பம் கொண்டுபோய்
நான்காம் நாள் திருப்பி விட்டது.
புகார் ஏதுமில்லை.
"வீட்டில் நாய் இருக்கிற மாதிரியே இல்லை"
அவ்வளவுதான்.

நேற்று ஓயார்சூன் வந்தார்,
கோரல் துறையில் படகு இயந்திரம் பழுது பார்ப்பவர்.
நாய் பார்க்க அல்ல.
"செத்துப்போச்சு. இது உங்களுக்கு ஆகுமா பாருங்க."
ஒரு கிண்ணம், பாதி மூட்டைத் தீனி,
விறகடுப்புப் பொறி பட்டு
ஓரம் கருகிய கம்பளிப் போர்வை.
மேசையில் வைத்துவிட்டு
ரசீது வேண்டாமென்று மழையில் இறங்கிவிட்டார்.

கூண்டு பதினொன்றில்தான் போர்வை இல்லை.
விரித்தேன்.
உடனே படுக்கவில்லை அவள்.
ஓரம் ஓரமாக முகர்ந்துகொண்டே போனாள்,
கறுப்பு முடி ஒட்டியிருந்த இடத்தில்
நெடுநேரம் நின்றாள்.
பிறகு அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு
மிச்சத்தில் சுருண்டாள்,
அதற்கு உரியவர் வெளியே போயிருப்பதுபோல.

இன்று காலை மறுபடி ஓயார்சூன்.
தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.
"போர்வையை மட்டும் திருப்பித் தர முடியுமா?
துவைச்சிருக்க மாட்டீங்களே?"

கூட்டிப்போனேன்.
இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.
அவர் பார்த்தது போர்வையில் காலியாக விட்ட
அந்த ஒன்றரை முழத்தை.
குந்தி உட்கார்ந்தார், முழங்கால் மளுக்கென்றது.
அவள் எழுந்தாள்.
ஓரடி பின்வாங்கி
வழிவிட்டாள்.

கூண்டைத் திறந்துவிட்டு வந்து
முக்கால் மணி நேரம் ஆகிறது.
அட்டை மேசையில் கிடக்கிறது,
ஆறாவது வரியை அடிக்கவும் மனமில்லை
முடிக்கவும் தெரியவில்லை.
கெண்டியைக் கையில் பிடித்தபடி
இஸ்மேனியா கேட்கிறாள்:
இரண்டு கோப்பையா, மூன்றா?